புளி போட்டு விளக்கிய ரிவால்வர்

எங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. (பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இந்த வயதில் வேறு எதற்காகச் சொல்வது?) அண்டாவோ குத்துவிளக்கோ, எதுவானாலும் என் கைக்கு வந்துவிட்டால் பளபளவென்று ஆன பிறகுதான் வெளியே போகும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இதையும் மெதுவாகத்தான் எழுதுகிறேன். ஆனால் பாத்திரம் விளக்குவதில் எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்று இருந்தேன். ஒருவருக்கு எந்த வேலை நன்றாக வருகிறதோ, அந்த வேலையில்தான் அவருடைய பெரிய முட்டாள்தனமும் நடக்கும் போலிருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது. விளாங்குடி அப்போது இப்படி இல்லை. திண்டுக்கல் ரோட்டை விட்டு உள்ளே வந்தால் எங்கள் வீடு, அதற்குப் பின்னால் வயல், அதற்கும் பின்னால் ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரருக்கு மேலூரில் அரிசி ஆலை. அறுவடை நேரத்தில் அவர் நாட்கணக்கில் அங்கேயே தங்கிவிடுவார். நான் பிள்ளைகளோடு தனியாக இருப்பேன். ஒரு தடவை இரண்டு வீடு தள்ளித் திருடன் புகுந்து, அடுப்பில் இருந்த குழம்பைக் கூடச் சட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து அவருக்கு நிம்மதி போய்விட்டது.

அவரிடம் லைசென்ஸோடு ஒரு ரிவால்வர் இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடமிருந்து முறைப்படி வாங்கியது. கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. எண்ணெய் தடவிய எருமைக்கன்று போல மினுமினுத்துக்கொண்டு பீரோவில் கிடக்கும். லைசென்ஸில் என் பெயரையும் சேர்க்க ஏற்பாடு செய்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றார்.

“கெளம்பு தாயி.”

“எங்க?”

“துப்பாக்கி சுட.”

“யாரை?” என்றேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஊருக்கு வெளியே ஒரு மலையடிவாரத்தில் இருந்தது துப்பாக்கி சுடும் இடம். பெரிய மண்மேடு, அதன் முன்னால் பலகைகளில் வட்டம் போட்ட காகிதங்கள், இந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. சொல்லிக்கொடுக்க ஒரு சுபேதார் இருந்தார். ராணுவத்திலிருந்து திரும்பியவர். ஒரு காது கேட்காது. வெடிச் சத்தத்தில் போய்விட்டது என்பார். (அவர் சம்சாரம் பேசுவதைக் கேட்ட பிறகு எனக்கு அதில் சந்தேகம் வந்தது.)

“எப்படிப் பிடிக்கணும் தெரியுமாம்மா? ஒரு ஆளோட கை குலுக்குற மாதிரிப் பிடிக்கணும்” என்றார்.

“நான் யாருக்குய்யா கை குலுக்கியிருக்கேன்?”

என் கையைப் பார்த்தார். “மாடு கறப்பீகளா?”

“அது கறப்பேன்.”

“அப்ப மடியப் பிடிக்கிறாப்ல பிடிங்க. அமுக்குறப்ப மெதுவா அமுக்கணும். வெடுக்குன்னு இழுத்தா மாடு உதைக்கும். இதுவும் உதைக்கும்.”

“அப்படிச் சொல்லுங்க” என்றேன். அதற்கப்புறம் அவர் சொன்னதெல்லாம் எனக்கு விளங்கியது. சுடுகிற வரை விசையில் விரல் வைக்கக் கூடாது. குழாய் எப்போதும் மண்மேட்டைத்தான் பார்க்க வேண்டும். செத்தாலும் துப்பாக்கியோடு பின்னால் திரும்பக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

சுட்டேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டுதான். கை உச்சிக்குப் போய் வந்தது, காது இரண்டும் அடைத்துக்கொண்டது, மலையில் இருந்த காக்கையெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. ஆனால் நான் உயிரோடு இருந்தேன். அந்தச் சந்தோஷத்தில், “என்னங்க, பட்டுருச்சா?” என்று கேட்டுக்கொண்டே, நீட்டிய கையை இறக்காமல் அவர் பக்கம் திரும்பினேன்.

கொட்டகையில் ஒருவர்கூட நின்ற இடத்தில் இல்லை. எல்லோரும் தரையில் கிடந்தார்கள். ஒரு பேங்க் மேனேஜர் நாற்காலிக்கு அடியில் தலையை மட்டும் விட்டிருந்தார், மற்றதெல்லாம் வெளியே. என் வீட்டுக்காரர் சலவை வேட்டியோடு செம்மண்ணில் குப்புறப் படுத்திருந்தார். தலையைத் தூக்காமலே கத்தினார்: “படல தாயி! யாருக்கும் படல! நீ அங்கிட்டுத் திரும்பு!”

வீட்டுக்கு வந்ததும் என் கொழுந்தன் முத்தையாவுக்கு இந்தக் கதை போய்விட்டது. அவன் எதையும் விடமாட்டான்.

“மதினி, இனிமே அண்ணே கொழம்புல உப்பு இல்லன்னு சொல்லுவாரா?”

“சொல்லிப் பாக்கச் சொல்லு” என்றேன்.

“அண்ணே, நீங்க மேலூர்லயே இருந்துக்கங்க. திருடனுக்காவது ஓடத் தெரியும்.”

இத்தோடு நின்றிருந்தால் ஒரு நாள் கூத்தாகப் போயிருக்கும். ஆனால் அடுத்தடுத்த வாரங்களில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கண்ணைத் திறந்துகொண்டு சுட்டால் எனக்குக் குறி தப்பவில்லை.

இதில் மாயம் ஒன்றும் கிடையாது. எனக்குப் பிறந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். கம்பு விளைந்து நிற்கும்போது பரண் மேல் ஏறி நின்று, கவணில் கல்லை வைத்துச் சுழற்றிக் கிளி விரட்டுவதுதான் சின்ன வயதில் என் வேலை. எந்தக் கதிரில் கிளி உட்காருகிறதோ, அதற்கு ஒரு சாண் பக்கத்தில் கல் போய் விழும். அந்தக் கண் எங்கேயும் போகவில்லை. இத்தனை வருஷமாகச் சோற்றுப்பானைக்குள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு நாள் சுபேதார் என் காகிதத்தைக் கழற்றிக்கொண்டு வந்து வெயிலில் தூக்கிப் பிடித்தார். நடு வட்டத்தில் ஓட்டைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, நெல்லிக்காய் அளவுக்கு ஒரே கிழிசலாக இருந்தது.

“எங்கம்மா கத்துக்கிட்டீக இத?”

“கம்பங்காட்டுல.”

“எந்த ராணுவ கேம்ப்?” என்றார், கேட்காத காதைத் திருப்பிக்கொண்டு.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று சிரித்தார். அவருக்குக் குறி வராது. அவர் சுட்டால் மண்மேட்டில் படும், அது பெரியதாக இருப்பதால். ஆனாலும் அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேலூருக்குப் போய், ஆலைக்கு வருகிற வியாபாரிகளிடமெல்லாம் காட்டியிருக்கிறார். “எங்க வீட்ல சுட்டது” என்று சொல்லியிருக்கிறார். தோசை சுட்டதைச் சொல்லுகிற மாதிரி.

எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எப்படி இருந்தன என்று சொல்லத் தெரியவில்லை. சுடுவதற்கு முன்னால் பாதி மூச்சை விட்டுவிட்டு நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டு மொய், எந்தப் பானையில் எம்புட்டு அரிசி, ஒன்றுமே மனதில் இருக்காது. கறுப்பு வட்டமும் நானும்தான். அதற்கு முன்னாலும் பின்னாலும் எனக்கு அப்படி ஒரு அமைதி வாய்த்ததில்லை.

அந்த வருஷம் துப்பாக்கி சுடுகிறவர்கள் சங்கத்தில் போட்டி வைத்தார்கள். பெண்களுக்கும் தனியாக உண்டு. ஜெயிக்கிறவர் மெட்ராஸில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். நான் அதுவரை மெட்ராஸைப் பார்த்ததில்லை. சுபேதார், “நீங்க மட்டும் அங்க போனா, உங்களோட நிக்க ஆள் கெடையாது” என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், எனக்கு மெட்ராஸ் பைத்தியம் பிடித்துவிட்டது. சட்னி அரைக்கும்போதுகூடப் பாதி மூச்சில் நிறுத்த ஆரம்பித்தேன்.

என்னோடு போட்டிக்கு ஒரே ஒரு பெண்தான். திருநகரிலிருந்து தானே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வருகிற டாக்டரம்மா. என்னைவிட வயதில் சின்னவர், கிராப்பு முடி, மூக்குக் கண்ணாடி. பெண்கள் வேறு யாரும் வராததால் வருஷா வருஷம் தனியாகச் சுட்டுத் தனியாக ஜெயித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். “அக்கா, நீங்க வந்தது எனக்கு எம்புட்டுத் துணையா இருக்கு தெரியுமா?” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

போட்டிக்குப் பெயர் கொடுக்கிற அன்றைக்கு நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. செல்லத்தாயி என்ற பெயரை எவன் இவ்வளவு நீளமாக வைத்தானோ, ‘ல்’ போட்டு ‘ல’ போடுவதற்குள் வேர்த்துவிட்டது. பின்னால் நின்ற டாக்டரம்மா மெதுவாக, “நான் எழுதட்டுமாக்கா?” என்று கேட்டார்.

நல்ல மனதோடுதான் கேட்டார். இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. உன்னை ஜெயித்துவிட்டுத்தான் மறுவேலை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, ‘யி’யின் மேல் வளைவைப் பெரிதாகவே போட்டேன்.

போட்டிக்கு முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம். என் வீட்டுக்காரர் மேலூரில் இருந்தார், மறுநாள் காலையில் நேராகவே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். கட்டிக்கொண்டு போக நல்ல பட்டுச்சேலையாக எடுக்கலாம் என்று பீரோவைத் திறந்தேன். அரக்குச் சேலையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. அந்த ரிவால்வரைச் சுற்றி வைத்திருந்த துணியிலிருந்து ஊறியிருக்கிறது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அதைத் துடைத்து வைப்பதெல்லாம் எப்போதும் அவர் பொறுப்பு. தூக்கிப் பார்த்தால் சந்து பொந்தெல்லாம் பிசுக்கு, ஒரே கறுப்பு.

போட்டிக்குப் பெரிய அதிகாரிகள் சம்சாரத்தோடு வருகிறார்கள். முத்தையா அவன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வருகிறான். டாக்டரம்மாவின் ரிவால்வரோ சின்னதாக, வெள்ளியில் செய்தது மாதிரி இருக்கும். அத்தனை பேர் முன்னால் நான் இந்த அழுக்கை நீட்டிக்கொண்டு நிற்பதா? செல்லத்தாயி வீட்டுச் சாமானைப் பார்த்து ஒருத்தி மூக்கைச் சுளிப்பதா?

உள்ளே தோட்டா இல்லை என்று சுபேதார் சொல்லிக்கொடுத்தபடி நன்றாகப் பார்த்தேன். (அதையாவது ஒழுங்காகச் செய்தேன்.) பிறகு கொல்லைப்புறத்துக்குப் போய்ப் புளியை ஊறவைத்தேன்.

முதலில் சீயக்காய்த்தூள் போட்டுப் பிசுக்கை எடுத்தேன். அடுத்தது புளி, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தேன். அதற்குமேல் சலித்த சாம்பல். தேய்க்கத் தேய்க்கக் கறுப்புக் கரைந்து ஓடியது. அடியில் வெள்ளை வெளேரென்று இரும்பு மின்னியது. அடப்பாவி மனுஷா, இத்தனை வருஷம் இந்த அழுக்கோடா வைத்திருந்தாய் என்று அவர்மேல் பரிதாபம்கூட வந்தது. தோட்டா போடுகிற ஓட்டைகளில் ஈர்க்குச்சியில் துணி சுற்றி விட்டுக் குடைந்தேன். கடைசியாக ஒரு சொம்பு வெந்நீரைக் குழாய் வழியாக ஊற்றி, துவைக்கிற கல்லில் டம்ளரைக் கவிழ்க்கிற மாதிரிச் சாய்த்து வைத்தேன். வெயிலில் கண் கூசியது. இந்த ஜில்லாவிலேயே இப்படி ஒரு துப்பாக்கி கிடையாது என்று நினைத்தேன். அது உண்மைதான்.

காலையில் எடுத்துப் பார்த்தபோது அங்கங்கே மஞ்சளும் சிவப்புமாகப் பூத்திருந்தது. பனி பட்ட கறை என்று நினைத்து முந்தானையால் துடைத்து, வெளுத்த துண்டில் சுற்றிக்கொண்டு முத்தையாவின் காரில் ஏறிவிட்டேன்.

சுபேதார் துண்டைப் பிரித்தார். முத்தையாதான் முதலில் எட்டிப் பார்த்தான்.

“யாரும்மா இத இப்படிப் பண்ணுனது?” என்றார் சுபேதார்.

“நான்தான்யா.”

“எதப் போட்டு?”

“புளி.”

“என்னது?”

“புளி!”

“சத்தமாச் சொல்லுங்கம்மா.”

“புளிய்யா! புளி, சாம்பல், சீயக்கா!” என்று கத்தினேன். கொட்டகை முழுக்கத் திரும்பியது.

சுபேதார் தோட்டா போடுகிற உருளையைச் சுழற்றிப் பார்த்தார். அம்மியில் காய்ந்த மிளகாய் அரைபடுகிற மாதிரிக் கரகரவென்று பாதி சுற்றி நின்றுவிட்டது. விசையை அமுக்கினார். அசையவில்லை. தலைகீழாகத் தட்டினார். சாம்பல் கொஞ்சம் உதிர்ந்தது, கூடவே ஒரு புளியங்கோதும்.

அந்தக் கறுப்பு அழுக்கு இல்லையாம். துரு ஏறாமல் இருக்க இரும்பின்மேல் ஏற்றிய சாயமாம். அந்தப் பிசுக்கும் அழுக்கு இல்லையாம், வேண்டுமென்றே போடுகிற எண்ணெயாம். அது இரண்டும்தான் துப்பாக்கிக்கு உயிராம். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அதற்குள் என் வீட்டுக்காரர் மேலூரிலிருந்து வந்துவிட்டார். துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

“ஏ தாயி, பெருங்காயம் போட மறந்துட்டியே” என்றார்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். முத்தையா சிரித்தான், அவன் பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அந்தப் பேங்க் மேனேஜர் பழைய கணக்கையும் சேர்த்துச் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். கெட்ட மனதில்லை அவருக்கு. வேறு ஒருவராக இருந்தால் அந்த இடத்திலேயே ஏசியிருப்பார். ஆனால் ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

சிரிக்காதவர் டாக்டரம்மா ஒருவர்தான். கொட்டகையின் அந்தக் கோடியிலிருந்து வந்தார். தன்னுடைய ரிவால்வரை, குழாய் தரையைப் பார்க்க, பிடி என் பக்கம் இருக்க நீட்டினார்.

“அக்கா, இதுல சுடுங்க. முதல்ல நீங்க சுடுங்க, அப்புறம் நான் சுடுறேன். சுபேதார்கிட்டக் கேட்டுட்டேன், சரின்னுட்டாரு.”

சுபேதாரும், “வாங்கிச் சுடுங்கம்மா. உங்க கைக்கு எதக் குடுத்தாலும் ஒண்ணுதான்” என்றார்.

நான் அந்தப் பிடியைப் பார்த்தேன். யானைத் தந்த நிறத்தில் வழுவழுவென்று, ஒரு கைக்கு அடக்கமாக இருந்தது. வாங்கியிருந்தால் அன்றைக்கு ஜெயித்திருப்பேன். அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

“எங்க வீட்ல இரவல் வாங்கிப் பழக்கமில்ல” என்றேன்.

“இரவல் இல்லக்கா. நீங்க சுடலைன்னா நான் யாரோட போட்டி போடுறது?”

“இத்தன வருசமா யாரோட போட்டீகளோ, அவுகளோடயே போடுங்க.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்க் காரில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். மத்தியான வெயில். உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. பட்டுச்சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி, “வாரியா தாயி? இன்னும் உன் பேரக் கூப்பிடல” என்றார். நான் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். திருமதி சேர்த்து, முழுப் பெயராக. மறுபடியும் கூப்பிட்டார்கள். அப்புறம் டாக்டரம்மாவின் பெயர். அவர் சுடும் சத்தம் ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் உள்ளே உட்கார்ந்து பாதி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா ஜெயித்தார். மெட்ராஸுக்குப் போனார், பரிசில்லாமல் திரும்பி வந்தார் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டதும் ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது, அப்புறம் அதைவிட மோசமாக இருந்தது. அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. போவதற்கு முன்னால் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை.

ரிவால்வரைப் பழுது பார்க்கிறவர் கையை விரித்துவிட்டார். அதை முறைப்படி போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்தோம். வேறொன்று வாங்கட்டுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வேண்டாம், ஒரு நாயை வாங்குங்கள் என்றேன். நாய் வந்தது. (அதைக் குளிப்பாட்டும்போதெல்லாம் முத்தையா, “மதினி, புளி வேணுமா?” என்பான்.)

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் அவர் சொன்னார்: “சுபேதார் கேட்டாரு. சங்கத்துத் துப்பாக்கி இருக்காம். உன்னய வரச் சொன்னாரு.”

“எனக்கு வெயில் ஒத்துக்கல.”

“கம்பங்காட்டுல பரண் மேல நின்னவளுக்கா?”

நான் எழுந்து பாத்திரம் விளக்கப் போய்விட்டேன். அப்புறம் அவர் கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்பார் என்று ரொம்ப நாள் எதிர்பார்த்தேன்.

அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் அந்தக் கதை எங்கள் வீட்டில் சாகவில்லை. மருமகன் புதுக் கார் வாங்கினால், “அத்தைக்குத் தெரியாம நிறுத்துங்க, கழுவிறப் போறாக” என்பார்கள். யார் வீட்டு நகையாவது மங்கியிருந்தால், “ஆச்சிகிட்டக் குடு, எலும்பு தெரியத் தேச்சுத் தரும்.” கல்யாணம் காதுகுத்து எதுவானாலும் முத்தையா எழுந்து நின்று, சுபேதார் குரலில் “என்னது?” என்பான். எல்லோரும் சேர்ந்து “புளி!” என்று கத்துவார்கள். நானும்தான் கத்துவேன். கதை எப்போதும் அந்த இடத்தில் முடிந்துவிடும். அதற்குமேல் யாருக்கும் சொல்லத் தோன்றியதில்லை.

போன தை மாதம் என் பேரனுக்குக் கல்யாணம். புதுப்பெண்ணை உட்காரவைத்து முத்தையா வழக்கம்போல முழுக்கதையும் சொன்னான். அந்தப் பெண் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, “அப்புறம் போட்டி என்னாச்சு அப்பத்தா? அங்க வேற துப்பாக்கி இல்லையா?” என்று கேட்டாள்.

முத்தையா என்னைப் பார்த்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சிரிப்பதற்குத் தயாராக இருந்தார்கள்.

“இருந்துச்சும்மா” என்றேன்.

அதற்கு மேல் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.